ஒரே குறடு, ஊர் முழுக்க மரு

உமாரியில் மேயர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் கொஞ்சம் யோசிப்பார்கள். ஜெனில்டா வீடு எங்கே என்று கேட்டால் தெருநாய்கூட எழுந்து வழி காட்டும். மாதா கோயிலுக்குப் பின்தெருவில், மருந்துக்கடைக்கு எதிரே, நீலச் சுவர் வீடு. முன்னறையில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, அதற்கு எதிரே ஒரு குட்டை முக்காலி, மூலையில் தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் மறுக்கும் ஒரு மின்விசிறி. வெள்ளியும் சனியும் அந்த நாற்காலிக்காக ஊர்ப் பெண்கள் சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். பிரேசிலின் செயாரா மாநிலத்து அந்தப் பொட்டல் காட்டில் மழைக்குக்கூட இவ்வளவு பொறுமையாக யாரும் காத்திருந்ததில்லை.

நகத்துக்கு வண்ணம் பூசுவது எந்தக் கழுதைக்கும் வரும் என்பது ஜெனில்டாவின் கட்சி. வேலை என்பது நகம் முளைக்கும் இடத்தில் ஒட்டிக்கிடக்கும் தோலை வழித்து எடுப்பதில் இருக்கிறது. அழுக்கும் நோயும் உள்ளே புகாமல் இருக்கத்தான் கடவுள் அந்தத் தோலை வைத்தார் என்று படித்தவர்கள் சொல்வார்கள். உமாரிப் பெண்களோ, கடவுள் ஏதோ அவசரத்தில் பிசிறு வெட்டாமல் அனுப்பிவிட்டார், மீதியை ஜெனில்டா பார்த்துக்கொள்வாள் என்று நினைப்பவர்கள். அவள் கையில் இருந்த சின்னக் குறடு கிளி கொத்துவதுபோல் கொத்திக் கொத்தித் தோலை எடுக்கும். சில சமயம் தோலோடு கொஞ்சம் சதையும் வரும், ரத்தம் எட்டிப்பார்க்கும். அதற்கு எங்கள் பெண்கள் வைத்திருந்த பெயர் ‘கறி எடுப்பது’. ஜெனில்டா கறியே எடுக்கமாட்டாள் என்பது அவளுடைய புகழ். எடுத்தால் என்ன நடக்கும்? அவள் பஞ்சை அழுத்திக்கொண்டே யாருடைய புருஷனைப் பற்றியாவது பேச ஆரம்பிப்பாள். விரலுக்குச் சொந்தக்காரி ரத்தத்தைப் பார்க்காத மாதிரி புருஷன் கதையைக் கேட்பாள். புகழ் அப்படித்தான் பத்திரமாக இருந்தது.

குறடு ஒன்றே ஒன்று. வியாழக்கிழமைச் சந்தையில் சாணைக்காரனிடம் தீட்டி வாங்குவாள். ஒருத்தி எழுந்து அடுத்தவள் உட்காருவதற்குள் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரு துடைப்பு, அப்புறம் தன் தொடைமேல் துணியில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஃபோர்டலேசா மாதிரி பெரிய ஊர்களில் பெண்கள் தங்கள் குறட்டைத் தாங்களே பையில் போட்டு எடுத்துப் போவார்களாம். உமாரியில் அது நடக்காது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த நீதிபதி மனைவி ஒருமுறை அப்படி ஒரு பையோடு வந்து உட்கார்ந்தாள். ஜெனில்டா பையைப் பார்த்தாள், அந்தம்மாளைப் பார்த்தாள்.

“காபி குடிக்கிறீங்களாம்மா?” என்றாள். “இல்ல, கப்பும் வீட்லருந்தே கொண்டாந்திருக்கீங்களா?”

வரிசை மொத்தமும் சிரித்தது. நீதிபதி மனைவி அந்தப் பையை அப்புறம் திறக்கவில்லை. ஜெனில்டாவை நம்பாதவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டு அந்த ஊரில் காய்கறிகூட வாங்க முடியாது.

ஜெனில்டாவின் புருஷன் கட்டட வேலைக்கென்று சாவ் பாவ்லோ போனவன். போன இடத்தில் கட்டடம் முடிந்திருக்கும், அவன்தான் முடிந்து வரவில்லை. அந்த வீட்டுக் கூரை, தரை ஓடு, மகள் படித்த படிப்பு எல்லாம் குறடு கொத்திக் கொண்டுவந்ததுதான். அந்த நாற்காலி காலியானால் ஜெனில்டாவுக்குச் சோற்றுக்கு வேறு வழி கிடையாது. பேச்சுக்கும் கிடையாது, அது அவளுக்குச் சோற்றைவிடப் பெரியது.

அப்படிப்பட்டவளின் வலது கட்டைவிரலில், குறட்டின் பிடி அழுந்தும் இடத்தில், நகத்தை ஒட்டி ஒரு சொரசொரப்பு வந்தது. வேலைக் காய்ப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். காய்ப்பு வளர்ந்தது. மேலே காலிஃபிளவர் பூ மாதிரி வெடித்தது, நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. மண் ஏறியிருக்கிறது என்று ஊசியால் குத்தி எடுக்கப் பார்த்தாள், ரத்தம் வந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். ஊரில் எல்லோருடைய கையையும் உற்றுப் பார்ப்பவளின் கையை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எப்படித்தான் நினைத்தாளோ.

முதலில் பார்த்தது டோனா அல்சனீர், அதாவது அல்சனீர் அம்மாள். ஹார்டுவேர் கடைக்காரர் மனைவி, கடைத்தெருவில் பாதிக் கட்டடங்களுக்குச் சொந்தக்காரி, ஜெனில்டாவின் மகளுக்கு ஞானத்தாய். சனிக்கிழமை காலை முதல் கை அவளுடையதுதான், அதில் யாரும் போட்டிக்கு வரமுடியாது.

“அது மருடி,” என்றாள் அல்சனீர், பிளாஸ்திரியைத் தூக்கிப் பார்த்துவிட்டு. “எந்த நட்சத்திரத்த விரல் நீட்டிக் காட்டின?”

நட்சத்திரத்தைக் கைநீட்டிக் காட்டினால் விரலில் மரு முளைக்கும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு புகட்டப்படும் விஞ்ஞானம்.

“நட்சத்திரம் பாக்கறதுக்குப் பக்கத்துல ஒருத்தன் வேணும், டோனா அல்சனீர்,” என்றாள் ஜெனில்டா. “என் ஆளு சாவ் பாவ்லோவுல எவளுக்கோ காட்டிக்கிட்டிருக்கான். விரல் அவனோடது, மரு எனக்கு.”

“வாய்க்கு ஒரு மரு வந்தாத்தான் நீ அடங்குவ.”

அன்றிலிருந்து ஊரே வைத்தியமானது. ஒருத்தி அத்திக்காய்ப் பால் தடவச் சொன்னாள், தடவினாள், தோல் அரித்தது. ஒருத்தி பன்றிக்கொழுப்பைத் தேய்த்து எறும்புப் புற்றில் புதைக்கச் சொன்னாள், எறும்பு தின்னத் தின்ன மரு கரையுமாம். எறும்புகளுக்கு நல்ல விருந்து, மருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மந்திரித்து விடுகிற அம்மாள் பச்சிலையால் சிலுவை போட்டுவிட்டு, இனி அதைப் பார்க்கவும் கூடாது, நினைக்கவும் கூடாது என்றாள். நாள் முழுக்கக் கட்டைவிரலைப் பார்த்தபடியே பிழைக்கிறவளுக்குச் சொல்லும் பத்தியமா இது.

கடைசியில் அல்சனீரே பச்சை முந்திரிக்கொட்டை கொண்டுவந்தாள். ஓட்டை நசுக்கி அதிலிருந்து கசியும் எண்ணெயை மருவின்மேல் வைத்தால் கருகி விழுந்துவிடும் என்றாள். விழத்தான் செய்தது. விரலே வெந்து, கொப்புளம் கட்டி, தோல் உரிந்து, ஜெனில்டா ஒரு வாரம் இடது கையால் முடி சீவினாள். புண் ஆறியபோது நடுவில் மரு இல்லை. சுற்றி வட்டமாக, ஜெபமாலை கோத்த மாதிரி, புது மருக்கள் வரிசையாக இருந்தன.

“பாத்தியா, நடுவுல போயிடுச்சில்ல,” என்றாள் அல்சனீர் திருப்தியாக.

இவ்வளவுக்கும் நடுவில், அந்த ஒரு வாரம் போக, குறடு ஒரு நாளும் ஓயவில்லை. பிளாஸ்திரிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு அவள் கொத்தினாள். சில மாதம் போனது. பள்ளிக்கூட டீச்சர் மசேவுக்கு நகக்கண்ணில் மரு வந்தது. மசேவுக்கு நகம் கடிக்கும் பழக்கம் உண்டு, அதனால் ஒரு விரலில் இருந்தது மூன்று விரலுக்குப் பரவி, அப்புறம் உதட்டோரத்திலும் ஒன்று எட்டிப்பார்த்தது. பிறகு அல்சனீரின் மோதிர விரல். பிறகு தபாலாபீஸ் பெண், ரொட்டிக்கடைக்காரி, பாதிரியாரின் தங்கை. இத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து எப்போது நட்சத்திரம் பார்க்கப் போனார்கள் என்று ஊரில் கேலி கிளம்பியது. கேலி ஓய்ந்ததும் கவலை வந்தது. யாராவது காரணமாக இருந்தாக வேண்டும் அல்லவா.

ஆள் தயாராக இருந்தாள். பெயர் தைனாரா. புருஷனுக்கு மின்சார ஆபீஸில் வேலை கிடைத்து ஃபோர்டலேசாவிலிருந்து வந்தவள். கடைத்தெருவில் அல்சனீரின் கட்டடத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்து நக அலங்காரக் கடை போட்டிருந்தாள். அவளிடம் இரண்டு அதிசயங்கள் இருந்தன. ஒன்று, உள்ளே கையை நீட்டினால் நகப்பூச்சை இறுக வைக்கும் ஊதா விளக்கு. இன்னொன்று, குறடுகளைக் காகித உறையில் போட்டுச் சூடாக்கும் சின்னப் பெட்டி. ஒவ்வொருத்திக்கும் அவள் கண்ணெதிரே உறையைக் கிழித்துக் குறட்டை எடுப்பாள்.

“குறட்டப் போயி அடுப்புல சுடுறா,” என்று ஜெனில்டா வரிசைக்கு நடித்துக் காட்டுவாள். “நாளைக்குச் சோளமாவுக் குஸ்குஸும் அதுலயே வேக வெப்பா. அப்படி என்ன அழுக்கு வெச்சிருக்கீங்க நீங்கல்லாம் கையில?”

மசேவும் அல்சனீரும் ஆசைக்கு ஒரு தடவை அந்த ஊதா விளக்கில் கையை நீட்டியவர்கள். இருவருக்கும் மரு வந்தது. தீர்ந்தது விசாரணை. தைனாராவின் வாசலையே மிதிக்காத பத்துப் பேருக்கும் மரு வந்திருக்கிறதே என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஜெனில்டாவின் கட்டைவிரல் அந்த விளக்கைக் கண்ணாலும் கண்டதில்லையே என்று ஜெனில்டாவும் கேட்டுக்கொள்ளவில்லை. நம்பினாளா என்றால், நமக்குத் தோதானதை நம்புவதற்கு என்ன கஷ்டம்.

“நான் யாரப் பத்தியும் தப்பாப் பேசறவ இல்ல,” என்று ஆரம்பிப்பாள். அப்படி அவள் ஆரம்பித்தால் ஒருத்தியின் பெயர் நாறப்போகிறது என்று அர்த்தம். “ஆனா அந்த ஊதா வெளிச்சம் நல்ல வெளிச்சமாத் தெரியல. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

மேலே சொல்வதற்கு வாட்ஸாப் இருந்தது. குரல் பதிவுகள் பறந்தன. விளக்கு தோலுக்குள் மருவை விதைக்கிறது என்றது ஒன்று, புற்றுநோய் என்றது இன்னொன்று. ஒருநாள் காலை தைனாராவின் கண்ணாடிக் கதவில் யாரோ சிவப்பு நகப்பூச்சால் கொப்புளம் கொப்புளமாக ஒரு கை வரைந்திருந்தார்கள். அவள் தனியாக நின்று அதைச் சுரண்டிக்கொண்டிருந்ததை ஜெனில்டா ரொட்டி வாங்கப் போகும்போது பார்த்தாள். தைனாராவும் திரும்பி அவளைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து ஜெனில்டா ரொட்டிக்குச் சுற்றுவழியாகப் போனாள். கடைத்தெருப் பக்கம் வெயில் அதிகம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அதற்குள் கட்டைவிரல் மோசமாகிவிட்டது. மரு நகத்துக்கு அடியில் நுழைந்து நகத்தையே தூக்கியது. குறட்டை இறுக்கினால் உயிர் போனது. பாதிரியாரின் தங்கைக்கு ஒருநாள் நல்ல பெரிய கறியாக எடுத்துவிட்டாள், யாருடைய புருஷன் கதையாலும் அதை மூடமுடியவில்லை. வேறு வழியில்லாமல் டாக்டர் வருகிற நாளில், முக்காட்டைப் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

டாக்டர் எவண்ட்ரோ வடக்கே பெலெம் நகரத்துப் பக்கத்து ஆள், வயது கம்மி, தூக்கம் அதைவிடக் கம்மி. சுற்று வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் அவர் ஒருவரே. விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“வட்டமா இருக்கே. முந்திரிக்கொட்டையா?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க, டாக்டரே?”

“இந்த ஊர்ல அதுதானே ஸ்பெஷலிஸ்ட். நான் ரெண்டாவது அபிப்ராயம் சொல்றவன்.”

சின்னக் கத்தியால் மேல் தோலைச் சீவினார். உள்ளே கறுப்புப் புள்ளிகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

“இது மண்ணு இல்ல. அடைச்சுப்போன ரத்தக்குழாய். இந்த விரல் ரேகையப் பாருங்க, மருகிட்ட வந்ததும் ஒதுங்கிப் போகுது. காய்ப்புன்னா ரேகை அது மேலேயே ஓடும். இது வைரஸ்.” கத்தியை வைத்தார். “என்ன வேலை பண்றீங்க?”

“நகம் பாக்கறேன்.”

டாக்டர் நிமிர்ந்தார். வெளியே காத்திருந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். அந்தக் கூட்டத்தில் எத்தனை மரு இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

“அந்த ஜெனில்டாவா நீங்க,” என்றார். “குறடு எத்தனை வெச்சிருக்கீங்க?”

“ஒண்ணுதான். நல்ல குறடு, டாக்டரே.”

“எப்படிக் கழுவுவீங்க?”

“ஆல்கஹால் போட்டுத் துடைப்பேன். சுத்தமா வெச்சிருப்பேன்.”

“இந்த வைரஸுக்கு ஆல்கஹால்லாம் உறைக்காது. தோல் முழுசா இருந்தா அது வெளியவே நிக்கும், உள்ள வர சின்னதா ஒரு கீறல் வேணும். நீங்க கீறியும் விடறீங்க, அதே குறட்டால கொண்டுபோய் உள்ள உக்கார வெக்கவும் செய்றீங்க. உடனே தெரியாது. சில மாசம் கழிச்சு எட்டிப் பாக்கும்.”

ஜெனில்டா கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி மறைத்துக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு கடை விளக்கு?” என்றாள் மெதுவாக.

“அது நகப்பூச்சைக் காய வெக்கும். மருவெல்லாம் வெக்காது.”

“அவ சூடு பண்ற அடுப்பு?”

“நீங்களும் அப்படி ஒண்ணு வாங்கியிருந்தா நான் மதியம் ஒழுங்காச் சாப்பிட்டிருப்பேன்.”

மருந்தைச் சொன்னார். தினமும் வெந்நீரில் விரலை ஊறவைக்க வேண்டும். வெளுத்த தோலை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும், அந்த அரம் வேறெதற்கும் ஆகாது. அப்புறம் அமில மருந்தை மருவின்மேல் மட்டும் தடவி, பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். ஒருநாளும் விடாமல் இரண்டு மூன்று மாதம். அதற்கும் அடங்காவிட்டால் மாவட்ட ஆஸ்பத்திரியில் உறைய வைத்து எடுப்பார்கள், அதுவும் ஒரே தடவையில் போகாது. மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாகவே உதிர்ந்துவிடும் என்றார் டாக்டர்.

“அப்போ மந்திரிச்சவங்களுக்குக் குணமாச்சுன்னு சொல்றாங்களே?”

“உதிர்ற நேரத்துல யார் பக்கத்துல நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் பேர். கையுறை இல்லாம வேலை செய்யாதீங்க. நகத்தோலையும் வெட்டாதீங்க.”

நகத்தோல் வெட்டாத ஜெனில்டாவா. தண்ணீரில்லாமல் காபி போடு என்பது மாதிரி இருந்தது அவளுக்கு. வீட்டுக்கு நடக்கும்போது வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து முகம் கொதித்தது. தைனாரா கண்ணாடி சுரண்டிக்கொண்டிருந்த காட்சி வந்து நின்றது. அதைத் துரத்தினாள், போகவில்லை.

என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். நீங்களும் நானும் செய்வதைத்தான் செய்தாள், ஒன்றும் செய்யவில்லை. மருந்து வாங்கினாள். பால் காய்ச்சும் பாத்திரத்தில் குறட்டைப் போட்டுக் கொதிக்க வைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு, நகப்பூச்சு வாடை ஒத்துக்கொள்ளவில்லை, கையில் அலர்ஜி என்றாள். அதற்கே முகங்கள் சுருங்கின. “எங்களத் தொட ரப்பர் போட்டுக்கறாளா” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். உண்மை மட்டும் வாயிலிருந்து வரவில்லை. சொன்னால் நாற்காலி போய்விடும், நாற்காலி போனால் எல்லாம் போய்விடும்.

அடுத்த சனிக்கிழமை அல்சனீர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வரிசை நிறைந்திருந்தது. மசே சுவரோரம் உதட்டில் கைவைத்தபடி இருந்தாள்.

“சொல்லிட்டேன்டி,” என்றாள் அல்சனீர். “கடைய காலி பண்ணுன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை லாரி வருது. புருஷனுக்கு வேல இங்க, இவ சாமானத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு. நேத்து வந்து என் முன்னாடி அழுதா. நான் அசையலயே. எல்லாம் உனக்காகத்தான்.”

“எனக்காகவா?” என்றாள் ஜெனில்டா.

“பின்ன? இந்த ஊர்ல கைன்னா உன் கைதான்னு எல்லாருக்கும் தெரியட்டும்.”

வரிசை தலையாட்டியது. ஜெனில்டாவுக்கு, நான் கேட்டேனா உன்னை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கேட்டாள்தானே, நாள்தோறும் வாயால் கேட்காமல் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். குறட்டை மடியில் வைத்தாள்.

“மரு அவ விளக்குலருந்து வரல,” என்றாள். “என் குறட்டுலருந்து வந்துது. டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குத்தான் முதல்ல வந்துது. என் கையிலருந்து குறட்டுக்கு, குறட்டுலருந்து உங்க எல்லாருக்கும்.”

மின்விசிறி மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தது. ஜெனில்டா கையுறையைக் கழற்றி, அமிலத்தில் வெளுத்துப்போன கட்டைவிரலை நீட்டினாள். இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

விசும்பல் சத்தம் கேட்டது. மசே அழுதுகொண்டிருந்தாள்.

“பாத்தீங்களாடி,” என்றாள் மசே. “தன் பொழப்பக் கெடுக்க வந்தவளுக்காக இவ பழிய ஏத்துக்கிறா. இப்படி ஒரு மனசு நம்மள்ல யாருக்கு வரும்?”

“ஏய், நிஜமாத்தான் சொல்றேன். டாக்டரு…”

“அந்தப் பையனுக்கு என்னடி தெரியும்,” என்றாள் தபாலாபீஸ் பெண். “அவன் பெலெம்காரன். எங்க ஊரு மருவப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?”

அல்சனீர் சிலுவை போட்டுக்கொண்டாள். “உன் விரல் வேகற வேதனையிலயும் அடுத்தவளப் பத்தி நினைக்கிறியே. பாதிரியார்கிட்டச் சொல்லி நாளைக்குப் பூசையில உன் பேரச் சேக்கச் சொல்றேன்.” ஒருத்தி ஏற்கெனவே ஃபோனை வாயருகே வைத்து, கண்ணீர்க் குரலில் பதிவுசெய்ய ஆரம்பித்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லிப் புனிதவதியாகிவிட்டாள் ஜெனில்டா. இதைவிடக் கேவலம் அவள் வாழ்க்கையில் நடந்ததில்லை. திங்கட்கிழமை லாரி எப்படியும் வரும், இப்போது ஜெபத்தோடு வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

“சரி, அழுகை போதும்,” என்றாள் அல்சனீர், மரு இருந்த கையை நீட்டி. “அந்த ரப்பர மாட்டாம, உன் குறட்டால, எப்பவும் போலப் பண்ணு. நாங்க உன்ன நம்பறோம்.”

ஜெனில்டா அந்தக் கையைப் பார்த்தாள். மோதிர விரலில் மரு நன்றாகத் தடித்திருந்தது. பக்கத்து விரலில் புதிதாக ஒன்று கிளம்பியிருந்தது.

“இந்தக் குறட்டால உங்களுக்கு வெட்டமாட்டேன்,” என்றாள். “உங்களுக்குன்னு ஒரு குறடு வாங்கிட்டு வாங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான். சொந்தக் குறடு இல்லாதவங்க இந்த நாற்காலியில உக்கார வேணாம்.”

வைரஸ் என்றபோது அசையாத அறை இப்போது அசைந்தது. ஃபோனில் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அல்சனீர் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“என் கை அசிங்கம்னு சொல்றியா?”

“என் குறடு அசிங்கம்னு சொல்றேன்.”

“உன் பொண்ண ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் பிடிச்ச கைடி இது. இத்தன வருஷம் உன்கிட்டக் குடுத்த கை. குறடு கொண்டான்னு என்னப் பாத்து எப்படிச் சொன்ன?” அல்சனீர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அவள் பின்னால் ரொட்டிக்கடைக்காரி, தபாலாபீஸ் பெண், கடைசியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மசே. காபி எல்லாம் அப்படியே இருந்தது.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஜெனில்டா டோனா அல்சனீரை வியாதிக்காரி என்று முகத்துக்கு நேரே சொன்னாள் என்று. குறடு, வைரஸ், டாக்டர் எதுவும் அந்தச் செய்தியில் இல்லை. புனிதவதிப் பட்டம் அரைநாள் தாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அல்சனீர் நேரே தைனாராவிடம் போனாள். லாரி வேண்டாம், கடையை நடத்து என்றாள். தப்பு என்று தோன்றியா? சேச்சே. ஜெனில்டாவின் வயிறு எரிய வேண்டும், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாகத் தைனாராவின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், பின்னால் ஊரே உட்கார்ந்தது. மாதங்கள் ஓடின. டாக்டர் சொன்ன மாதிரியே ஒவ்வொருத்தியின் மருவும் காய்ந்து உதிர ஆரம்பித்தது. எல்லாம் ஊதா விளக்கின் மகிமை என்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து மருவோடு ஆட்கள் பஸ் பிடித்து வந்து, விளக்கில் கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். அதெல்லாம் இல்லை என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு வாய் வலித்ததாகக் கேள்வி. என்ன அடக்கம் என்று அதற்கும் அவளைப் பாராட்டினார்கள்.

ஜெனில்டா பஸ் நிலையத்தில் காலை வேளையில் மரவள்ளி மாவுத் தப்பியோக்கா அடை சுட்டு விற்றாள். பேச ஆளில்லாமல் இரும்புக் கல்லோடு பேசினாள். பகலில் விரலை ஊறவைத்து, தேய்த்து, மருந்து தடவி, ஒட்டினாள். ஒருநாளும் விடவில்லை. நகம் மெல்லத் தன் இடத்தில் படிந்தது. டாக்டர் எவண்ட்ரோ ஒரு செவ்வாய்க்கிழமை விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, போய் வேலையைப் பாருங்கள் என்றார். எந்த வேலையை என்று அவள் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அல்சனீர் தெருவில் வந்துகொண்டிருந்தாள். பேச்சு நின்று பல மாதம் ஆகியிருந்தது. ஆனால் கையில் புதுசாக ஒன்று இருந்தால் அல்சனீரால் யாரிடமும் காட்டாமல் இருக்க முடியாது, ஜெனில்டாவிடம்கூட. பூப்போட்ட சின்னப் பை, ஜிப் வைத்தது. நின்று, திறந்து காட்டினாள். உள்ளே பளபளவென்று ஒரு குறடு, ஒரு அரம்.

“எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு,” என்றாள் அல்சனீர். “தைனாரா வரவழைச்சுக் குடுத்தா. அவங்கவங்க குறடு அவங்கவங்களுக்கு. பைமேல பேர்கூட எழுதியிருக்கு பாரு. இது இல்லாம உள்ள விடமாட்டா. ஃபோர்டலேசாவுல எல்லாரும் இப்படித்தானாம். நீ அன்னிக்குப் போட்ட சண்டையிலருந்துதான் இந்த யோசனையே வந்துதுன்னு சொன்னா.”

“உங்களுக்குக் கோவம் வரலையா?” என்றாள் ஜெனில்டா.

“எதுக்குக் கோவம்? அழகா இருக்கில்ல.”

ஜெனில்டா பையை வாங்கிப் பார்த்தாள். பெயர் நூலால் பின்னியிருந்தது. திரும்பக் கொடுக்கும்போது அவள் குரல் உடைந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

“இத்தன வருஷத்துல, டோனா அல்சனீர், உங்கள்ல ஒருத்தியாவது என்னை நம்பாம இருந்திருக்கக் கூடாதா?”

அல்சனீருக்கு அது விளங்கவில்லை. வழக்கம்போல ஏதோ நக்கல் பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, நேரமாகிறது என்று பையோடு கடைத்தெருப் பக்கம் போனாள்.